குறுக்கு வலியும் கூனும்: ரங்கூன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாள் முழுக்க நிமிர்ந்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். யாராலும் முடியவும் முடியாது. "கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார்" என்று வீட்டில் அதட்டும்போதெல்லாம் பிள்ளை நிமிர்வான், இரண்டு நிமிடத்தில் பழையபடி சரிவான். விறைப்பாக நிமிர்ந்தால் முதுகுத் தசைகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவை களைத்ததும் உடம்பு தானாகத் தொய்கிறது.

முதுகெலும்பு கம்பு மாதிரி நேராக இருப்பதும் இல்லை. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5 எலும்புகள். கழுத்தும் இடுப்பும் முன்பக்கமாக வளைந்திருக்கும், நடுமுதுகு பின்பக்கமாக வளைந்திருக்கும். இந்த மூன்று வளைவும் அளவோடு இருந்தால் போதும். கூன் போட்டவருக்கெல்லாம் வலி வருவதில்லை, நிமிர்ந்து நடப்பவருக்கெல்லாம் வலி வராமலும் இல்லை. ஒரே நிலையில் மணிக்கணக்காக இருப்பதுதான் அதிகம் படுத்துகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் வருவதில் பாதி, ஸ்டூலையும் மேசையையும் சுமையையும் எப்படி மாற்றுவது என்பதுதான். முதுகை அதட்டுவதைவிட அது சுலபம்.

எனக்குக் கூன் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். குதிகால் சுவரிலிருந்து 2 முதல் 4 அங்குலம் தள்ளி இருக்கட்டும். பிட்டம், தோள்பட்டை, பின்தலை மூன்றும் சுவரில் படவேண்டும். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். ஒரு கை தட்டையாக நுழைந்தால் சரி. முஷ்டியே நுழைகிறதென்றால் இடுப்பு வளைவு கூடுதல், விரல்கூட நுழையவில்லை என்றால் குறைவு.

பெரும்பாலோருக்குத் தகராறு தலையில்தான் வரும். பின்தலையைச் சுவரில் ஒட்டுவதற்காக முகவாயை மேலே தூக்குவார்கள். அது கணக்கில் வராது. பார்வை நேராக இருக்க, தலை தானாகப் படவேண்டும். படவில்லை என்றால் இடைவெளியை ஸ்கேலால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு வாரம் பயிற்சி செய்தபின் மறுபடி அளக்கலாம். வெறுமனே படம் எடுத்து ஒப்பிடுவதைவிட இது நம்பகமானது. படம் எடுக்கிறார்கள் என்றால் எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம்.

டீக்கடைக் குட்டை ஸ்டூலில் அரை மணி உட்கார்ந்து எழுந்தால் குறுக்கு பிடிக்கிறது. ஏன்?

ரங்கூன் டீக்கடை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒரு அடிக்குக் கொஞ்சம் முன்பின் உயரம். சாதாரண நாற்காலி ஏறக்குறைய ஒன்றரை அடி. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறிவிடும். தொடை எலும்பு மேலே போனால் இடுப்பெலும்பு பின்னால் சரியும், அதோடு கீழ்முதுகின் வளைவு போய் முதுகு உருண்டுவிடும். மேசையும் குட்டை என்பதால் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) கிண்ணத்தை நோக்கி இன்னும் குனிகிறோம். சாய்மானமும் கிடையாது.

இந்தச் சாய்மானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவரின் இடுப்புத் தட்டுக்குள், அதாவது இரண்டு முதுகெலும்புக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குக்குள், நேரடியாக உணர்கருவி வைத்து அளந்த அழுத்த விவரம் 1999இல் வெளியானது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). நாற்காலியில் சரிந்து முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டால் 0.27தான். சாய்மானம் இல்லாமல் முழுக்க முன்னால் குனிந்து உட்கார்ந்தால் 0.83. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் எல்லோருக்கும் இதே எண் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாய்ந்து சரிவதும் சாயாமல் குனிவதும் ஒன்றல்ல என்பது தெளிவு. சரிந்து உட்காருவது பாவம் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

டீக்கடையில் செய்யக்கூடியது:

இரண்டு ஸ்டூலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உட்காருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நிறையப் பேர் அப்படித்தான் உட்காருகிறார்கள். அடுக்கும்போது சில அங்குலம் உயரும், முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு இறங்கும். கால் உடைந்த ஸ்டூலோ வெளுத்துப்போன ஸ்டூலோ அடியில் இருக்கக் கூடாது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சொல்லாமல் முறியும்.

அடுக்க வழியில்லை என்றால் முழங்கால்களை அகட்டி, ஸ்டூலின் முன்விளிம்புக்கு வந்து, முன்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கை வழியாக இறங்கிவிடும். சுவரோரம் இடம் கிடைத்தால் அதுதான் நல்ல இடம். இரண்டாவது டீ சொல்வதற்குமுன் ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து, ஐந்து தடவை பின்னால் வளையுங்கள்.

தரையில் சம்மணம் போடுவது நல்லதா கெட்டதா?

பழக்கமானவருக்கு நல்லது. இடுப்பு மூட்டு இறுகாமல் இருக்கும். ஆனால் பிட்டமும் முழங்காலும் ஒரே மட்டத்தில் இருந்தால் இடுப்பு பின்னால் சரிந்து கூன் விழும். மடித்த போர்வையோ கைலியோ 2 முதல் 4 அங்குல உயரத்துக்குப் பிட்டத்துக்கு மட்டும் வைத்தால் முழங்கால் கீழே இறங்கி முதுகு தானாக எழும். துணியைத் தொடைவரை பரப்பினால் பயனில்லை, பின்னால் பாதிக்கு மட்டும் இருக்க வேண்டும். மேலே இருக்கும் காலை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கோயிலில் பூசை முடியும்வரை சுவரோரம் கால் நீட்டி உட்காருவதில் தப்பில்லை.

தையல் வேலை. மாலையானால் பிடரி இறுகிவிடுகிறது.

முதலில் விளக்கைப் பாருங்கள், பிறகு நாற்காலியை. வெளிச்சம் குறைந்தால் கண் ஊசியை நோக்கிப் போகும், கண்ணோடு கழுத்தும் போகும். கரண்ட் போனபின் சார்ஜ் விளக்கில் தைப்பவர்கள் அதை மெஷினின் இடதுபக்கம், ஊசிக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். கண்ணாடி பழையதென்றால் பவரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெஷின். பின்பக்கக் கால்களுக்கு அடியில் ஒன்றரை அங்குலப் பலகைத் துண்டு வைத்து, மேசையை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்தால் துணி கண்ணுக்குத் தெரியும், குனிய வேண்டியிருக்காது. பலகை வழுக்காமல் ரப்பர் ஒட்டுங்கள். மிதிக்கும் மெஷினாக இருந்தால் ஸ்டூலை உங்கள் உடம்போடு மிதியடிக்கு நேராகப் போடுங்கள். ஊசிக்கு நேராகப் போட்டால் இடுப்பு திருகிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கத் திருகியிருந்தால் வலி ஒரு பக்கத்தில் மட்டும் வரும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

லேப்டாப்பும் போனும்தான் என் வேலை. கரண்ட் வரும் நேரத்தில் எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து முடிக்கிறேன்.

லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதுதான் சிக்கல். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிவிட்டு, லேப்டாப்பை அட்டைப்பெட்டியோ தடித்த புத்தகங்களோ வைத்து உயர்த்துங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்தால் போதும். தூரம் ஒரு கை நீளம், 20 முதல் 28 அங்குலம். இரட்டைப் பவர் கண்ணாடி போடுபவர்கள் திரையை இன்னும் 2 அங்குலம் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள்.

நாற்காலியில் மூன்று இடத்தைச் சரிபாருங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், எட்டவில்லை என்றால் அடியில் பலகை. நாற்காலி விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புக்குப் பின்னால், பெல்ட் கட்டும் மட்டத்தில், 3 அல்லது 4 அங்குலத் தடிமனுக்குச் சுருட்டிய துண்டு. அதைவிட மேலே வைத்தால் முதுகைத் தள்ளும், கீழே வைத்தால் வழுக்கி விழும்.

கரண்ட் வந்துவிட்டது, இப்போதே முடித்தாக வேண்டும் என்று இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் இங்கே பெரிய வம்பு. அரை மணிக்கு ஒருமுறை போனில் மணி அடிக்க வையுங்கள். அடித்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூடப் போதும்.

போனைப் பொறுத்தவரை, தலையின் எடை நாலரை முதல் ஐந்தரை கிலோ. 2014இல் வெளியான ஒரு கணக்கின்படி கழுத்தை 15 டிகிரி குனிந்தால் அதன்மேல் விழும் பாரம் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. இது கணினியில் போட்ட கணக்கு. இதைக் காட்டிக் கழுத்தெலும்பு தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவதை நம்ப வேண்டாம். தசை களைக்கும் என்பது மட்டும் நிஜம். போனை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, முழங்கையை வயிற்றோடு ஒட்டியோ மேசையில் ஊன்றியோ வைத்து, கழுத்தைவிடக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள்.

ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணீர்ப் புட்டியும் அரிசியும் ஏற்றுவது எப்படி?

20 லிட்டர் புட்டி என்றால் தண்ணீர் மட்டும் 20 கிலோ, வீசைக் கணக்கில் (பர்மா வீசை ஒன்று 1.63 கிலோ) 12க்கு மேல். முழு அரிசி மூட்டை 108 பவுண்டு, அதாவது 30 வீசை, 49 கிலோ. மூட்டையை ஒருவர் தனியாகத் தூக்கவே கூடாது. ஆளுக்குக் கூலி கொடுங்கள், அல்லது கீழேயே பிரித்து மூன்று பையாக்கிக் கொண்டுபோங்கள்.

டீக்கடை ஸ்டூலுக்குச் சொன்ன அதே 1999 அளவீட்டில் 20 கிலோவைத் தூக்கிய கணக்கும் இருக்கிறது. முதுகை வளைத்துத் தூக்கியபோது தட்டில் அழுத்தம் 2.3 மெகாபாஸ்கல், முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1, நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. முழங்காலை மடக்குவது எல்லோருக்கும் தெரியும். சுமையை உடம்போடு ஒட்டுவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

முறை இது:

1. கைலியைத் தூக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள். கணுக்கால்வரை தொங்கும் கைலியில் காலை அகட்ட முடியாது. கால் அகலாவிட்டால் வளைவது முதுகுதான்.
2. புட்டி இரண்டு பாதத்துக்கும் நடுவில் வரும்படி கிட்டப் போய் நில்லுங்கள்.
3. பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி இறங்குங்கள். நெஞ்சு தரையைப் பார்க்காமல் முன்னால் பார்க்க வேண்டும்.
4. புட்டியைத் தொடையோடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள்.
5. திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். தூக்கிய கையோடு இடுப்பை மட்டும் திருகுவதில்தான் பிடிப்பு வருகிறது.
6. புட்டியைத் தண்ணீர் ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது ஒரே மூச்சில் தரையிலிருந்து ஏற்ற வேண்டாம். நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்து, பிடியை மாற்றி, பிறகு ஏற்றுங்கள்.

மூன்றாவது படியைத் துடைப்பக் கம்பு வைத்துப் பழகலாம். கம்பைப் பின்தலை, நடுமுதுகு, வாலெலும்பு மூன்றிலும் படும்படி முதுகோடு பிடித்துக் குனியுங்கள். மூன்றில் ஒன்று விலகினால் முதுகு உருள்கிறது என்று அர்த்தம்.

படியேறும்போது புட்டியை ஒரு தோளில் வைத்தால் உடம்பு மறுபக்கம் சாயும். 10 லிட்டர் கேன் இரண்டு, கைக்கு ஒன்றாக எடுப்பது மேல். ஒவ்வொரு மாடியிலும் இறக்கிவைத்துக் கை மாற்றுங்கள்.

பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிட்டுச் சாமானை மாட்டி இழுக்கும் கயிறும் கிளிப்பும் இருக்கும் வீட்டில் காய்கறி, பால், பத்திரிகைக்கு அதுவே போதும், ஆனால் 2 வீசைக்கு மேல் வேண்டாம். கம்பிமேல் வயிறு படக் குனிந்து இழுக்காதீர்கள். ஒரு காலை முன்னால் வைத்து, கயிறு கம்பியின் மேல் ஓடும்படி விட்டு, கை மாற்றி மாற்றி நெஞ்சை நோக்கி இழுங்கள்.

இன்னொன்று: விடியற்காலையில் கரண்ட் வந்து மோட்டார் ஓடுகிறதென்று, படுக்கையிலிருந்து எழுந்த கையோடு வாளி தூக்கப் போகிறார்கள். இரவில் தட்டுகள் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருக்கும். அந்த நேரம் குனிந்து பாரம் தூக்குவதுதான் மோசம். கொஞ்ச நேரம் நடமாடிவிட்டு, வாளியைப் பாதி பாதியாக நிரப்பித் தூக்குங்கள்.

தலையில் சுமப்பது கழுத்துக்குக் கெடுதலா?

சுமை தலைமேல் ஏறிவிட்டால் பாரம் நேராக முதுகெலும்பில் இறங்கும், அதனால்தான் தலைச்சுமைக்காரர் நடை நிமிர்ந்திருக்கிறது. ஆனால் வருடக்கணக்காகச் சுமந்தால் கழுத்தெலும்பு தேயும். அடிபடுவது பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும். இரண்டுக்கும் இன்னொருவர் கை வேண்டும். சும்மாட்டை உச்சந்தலையில் வையுங்கள், நெற்றிப் பக்கம் சரிந்தால் கழுத்து முன்னால் போகும். கையிலோ விரல்களிலோ மதமதப்பு வந்தால் தலைச்சுமையை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

கைலியின் பின்னிடுப்பில் பர்ஸும் போனும் செருகுவது?

நடக்கும்போது பாதகமில்லை. நாற்காலியில் சாயும்போது போன் முதுகெலும்பின்மேல் அழுத்தும், அதைத் தவிர்க்க நாம் முன்னால் நகர்ந்து கூன் போடுவோம். உட்காருமுன் எடுத்து மேசையில் வையுங்கள். பேன்ட் பின்பையில் தடித்த பர்ஸ் வைத்து உட்காருவது இன்னும் மோசம், ஒரு பிட்டம் உயர்ந்து இடுப்பே சாய்ந்துவிடும்.

பள்ளிப் பை?

பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் 15 சதவீதம். 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரை கிலோ நல்லது, மூன்றேமுக்காலுக்கு மேல் கூடாது. ஷான் பையை (நீளப் பட்டியுள்ள துணித் தோள்பை) ஒரு தோளில் தொங்கவிட்டால் அந்தத் தோளைத் தூக்கியே வைத்திருப்பார்கள். நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டு, போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம்.

பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளையை வருடத்தில் ஒருமுறை, சட்டையைக் கழற்றி, கைகளைக் குவித்துக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடு தட்டினால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். அது பை சுமந்ததால் வந்ததல்ல, அதட்டியும் தீராது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்படிப் படுப்பது?

பக்கவாட்டில் படுத்தால் தலையணை உயரம் காதுக்கும் தோள் விளிம்புக்கும் உள்ள இடைவெளி அளவு, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. மல்லாந்து படுத்தால் மெல்லிய தலையணை. குப்புறப் படுப்பதை விடுங்கள், இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கும். பாயில் படுப்பதால் முதுகு நேராகும் என்பதில் உண்மை இல்லை. வலியில்லாமல் எழுந்திருக்கிறீர்கள் என்றால் பாயும் சரி, மெத்தையும் சரி.

என்ன பயிற்சி, எத்தனை நாள்?

நாலே நாலு போதும். நீளப் பட்டியல் வைத்திருப்பவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

முகவாய் இழுத்தல்: நேராகப் பார்த்தபடி, முகவாயை அப்படியே பின்னால் இழுங்கள், கழுத்தில் மடிப்பு விழும். 5 நொடி பிடித்து விடுங்கள். 10 தடவை, காலை மாலை. தலையைக் கீழே ஆட்டினால் அது வேறு அசைவு, பலன் இல்லை.

கதவு நிலை: முழங்கை தோள்மட்டத்தில் இருக்க முன்கையை நிலையில் வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை நீட்டுங்கள். 30 நொடி, பக்கத்துக்கு மூன்று தடவை. இடுப்பை வளைத்து ஏமாற்றாமல் வயிற்றை லேசாக இறுக்குங்கள்.

புட்டி இழுத்தல்: ஒரு லிட்டர் புட்டி கைக்கு ஒன்று. பிட்டத்தைத் தள்ளிக் குனிந்து, முழங்கை பின்னால் போகும்படி இழுங்கள். 10 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம்.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து முழங்காலை மடக்கி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை உயர்த்தி 3 நொடி. 10 தடவை, மூன்று சுற்று. பின்தொடை சுண்டினால் குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவாருங்கள்.

வித்தியாசம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்துங்கள்.

முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா?

காசு வீண். கட்டியிருக்கும்வரை நிமிர்த்தும், கழற்றினால் பழைய கதை. நாள் முழுக்கக் கட்டினால் தசை வேலை செய்வதையே மறக்கும்.

அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. கூன் விழுந்துகொண்டே வருகிறது. பயிற்சி கொடுக்கலாமா?

முதலில் உயரத்தை அளங்கள். இளமையில் இருந்ததைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது சகஜம், பல தடவை வலியே தெரியாது. எக்ஸ்ரே எடுக்குமுன் குனியும் பயிற்சி, திருகும் பயிற்சி, முதுகை மிதித்து விடுவது மூன்றும் கூடாது. முகவாய் இழுப்பதும் சுவரோரம் நிற்பதும் செய்யலாம். வழுக்கும் செருப்பை மாற்றி, குளியலறையில் பிடிமானம் வையுங்கள்.

எப்போது பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூத்திரம் மலம் அடக்க முடியாமல் போதல், தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போதல், கால் பலமிழத்தல்: அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழுந்தபின் வந்த வலி, ராத்திரி படுத்தாலும் தணியாத வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இருந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோய் மிகுந்த 30 நாடுகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் மியன்மாரைச் சேர்த்திருக்கிறது. இருமல் இல்லாமலேயே எலும்பில் வரும். இதைச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நாள் கடத்தினால் எலும்பு சரிந்து நிஜமாகவே கூன் விழுந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையில் தீரும்.

நாற்பது வயதுக்குள் வலி தொடங்கி, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து நடமாடினால் தளர்கிறது என்றால் அது வாத வகையாக இருக்கலாம். மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கா (பக்கத்தில் ஆள் உட்காரும் மூன்று சக்கரச் சைக்கிள்) மிதிக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

உங்களுக்கு முக்கியம் சீட்டின் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் முழங்கால் போகும், உயர்ந்த சீட்டில் இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடி குறுக்கு போகும். ஆட்கள் ஒரு பக்கம் உட்காருவதால் ஹாண்டிலைப் பிடிக்கும் கைகளில் ஒன்று அதிகம் இழுக்கும். சவாரி இறக்கியதும் அந்தத் தோளுக்குக் கதவு நிலைப் பயிற்சியை ஒரு விளக்குக் கம்பத்தில் செய்யலாம். ஆள் ஏறி உட்காரும்போது வண்டியைக் கையால் தாங்கிப் பிடிக்காமல், இறங்கி நின்று இரண்டு காலையும் ஊன்றிப் பிடியுங்கள்.